பாக்தாத்திலிருந்து பம்பாய்க்கு வந்த டேவிட் சசூன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பையைச் சுற்றிப் பார்க்க வரும் சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் காலா கோடா, பைகுல்லா, கொலாபா என்று அழைத்துப் போகும்போது சசூன் என்ற பெயர் ஏதாவது ஒரு பலகையில் கண்ணில் பட்டுவிடும். உடனே கேள்விகள் வரும். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் அநேகமாக ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

யாருங்க இந்த சசூன்? சுருக்கமா சொல்லுங்க.

டேவிட் சசூன் 1792-இல் பாக்தாத்தில் பிறந்த யூத வணிகர். நாற்பது வயதில் பம்பாய்க்கு வந்து, இங்கே ஒரு பெரிய வணிக நிறுவனத்தை உருவாக்கி, 1864 நவம்பர் 7 அன்று புனேயில் காலமானார். பஞ்சு, துணி, அபினி மூன்றும் அவருடைய முக்கியமான சரக்குகள். மருத்துவமனை, நூலகம், சீர்திருத்தப் பள்ளி, ஜெபக்கூடங்கள் எல்லாம் அவர் கொடுத்த கொடைகள்.

பம்பாயில் அவர் வாழ்ந்தது சுமார் முப்பது வருடம்தான். அதற்குள் அவருடைய பிள்ளைகள் சீனாவிலும் லண்டனிலும் கிளை திறந்துவிட்டார்கள்.

பாக்தாத்தில் பெரிய குடும்பம்னு சொல்றாங்க. அப்புறம் ஏன் ஊரை விட்டு வந்தார்?

பெரிய குடும்பமாக இருந்ததுதான் ஆபத்து. அப்பா சாலே சசூன், பாக்தாத்தை ஆண்ட பாஷாக்களின் (துருக்கிய ஆளுநர்களின்) தலைமைக் கருவூலக்காரர். ஊர் யூத சமூகத்துக்கும் அவரே தலைவர். ஆட்சிக்குப் பணம் தேவைப்பட்டால் முதலில் கைவைப்பது இப்படிப்பட்டவர்களிடம்தான். 1816 முதல் 1831 வரை ஆண்ட தாவூத் பாஷா காலத்தில் யூதர்களுக்கு நெருக்கடி முற்றியது. டேவிட்டைப் பிடித்து அடைத்தார்கள். அப்பா பணம் கொடுத்து மீட்டார். அதன் பிறகு அங்கே இருக்க முடியாது என்று ஆகிவிட்டது.

பாஸ்ரா வழியாகப் பாரசீக வளைகுடாவின் புஷேர் துறைமுகத்துக்குத் தப்பினார். மேலங்கிக்குள் முத்துகளைத் தைத்து மறைத்துக்கொண்டு போனார் என்று குடும்பத்தில் ஒரு கதை உண்டு. வயதான அப்பாவும் பின்னாலேயே வந்து சேர்ந்தார், ஆனால் 1830-இல் புஷேரிலேயே இறந்துபோனார்.

சரி, பம்பாய்க்கே ஏன்? லண்டன் போயிருக்கலாமே?

புஷேரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகம் இருந்தது. வளைகுடாவுக்கும் பம்பாய்க்கும் இடையே கப்பல் போக்குவரத்து பழகிப்போன ஒன்று. குதிரை, பேரீச்சம்பழம், கம்பளம், முத்து எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தன. பாக்தாத் யூத வணிகர்கள் சிலர் அவருக்கு முன்பே சூரத்திலும் பம்பாயிலும் குடியேறியிருந்தார்கள். தெரிந்த கடல், தெரிந்த சரக்கு, தெரிந்த முகங்கள். லண்டனில் இது எதுவும் அவருக்கு இல்லை.

நேரமும் பொருந்தி வந்தது. 1832 வாக்கில் அவர் வந்து இறங்குகிறார். 1833-இல் சீன வணிகத்தில் கம்பெனிக்கு இருந்த ஏகபோகம் சட்டப்படி முடிவுக்கு வருகிறது. அதுவரை கம்பெனி மட்டுமே நுழைந்த வாசல் தனி வணிகர்களுக்கும் திறந்தது. கோட்டைப் பகுதியில் டாமரிண்ட் சந்தில் ஒரு கிட்டங்கியோடு தொழிலை ஆரம்பித்தவருக்கு இதைவிட நல்ல வேளை அமைந்திருக்காது.

என்னென்ன வியாபாரம் பண்ணினார்?

தொடக்கத்தில் வளைகுடா சரக்குகள். மான்செஸ்டர் துணியை வாங்கி மேற்காசியச் சந்தைகளுக்கு அனுப்பினார். அங்கிருந்து வந்த சரக்கைப் பம்பாயில் விற்றார். கப்பல் எந்தப் பக்கமும் வெறுமையாகப் போகாது. கடன் கொடுப்பது, உண்டியல் (பணம் அனுப்பும் வணிகச் சீட்டு) மாற்றுவது, கிட்டங்கி வாடகைக்கு விடுவது எல்லாம் கூடவே நடந்தன.

அடுத்த பெரிய பாய்ச்சல் பஞ்சு. 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும் அங்கிருந்து பஞ்சு வருவது நின்றது. இங்கிலாந்தின் லங்காஷயர் துணி ஆலைகள் இந்தியப் பஞ்சைத் தேடி வந்தன. பம்பாயில் பணம் மழையாகக் கொட்டிய வருடங்கள் அவை. 1865-இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது. நகரத்தின் பெரிய பெரிய வணிகர்களே திவாலானார்கள். அந்தச் சரிவுக்குச் சில மாதங்கள் முன்பே டேவிட் இறந்துவிட்டார். பங்குச் சூதாட்டத்தில் அளவுக்கு மீறி இறங்காததால் அவருடைய நிறுவனம் தப்பியது.

அபினி வித்துதான் பணக்காரர் ஆனாராமே? உண்மையா, இல்ல கட்டுக்கதையா?

உண்மை. இதில் மழுப்ப ஒன்றுமில்லை.

வங்காளத்தில் அபினி முழுக்க அரசாங்கத்தின் கையில் இருந்தது. மேற்கே மாளவத்தில், அதாவது இந்தூர், குவாலியர் போன்ற சமஸ்தானங்களில், விளைந்த அபினியைத் தனி வணிகர்கள் வாங்கலாம். ஒரு பெட்டி சுமார் 63 கிலோ. பம்பாய் துறைமுகம் வழியாக அனுப்பக் கம்பெனிக்குப் பெட்டிக்கு இவ்வளவு என்று வரி கட்ட வேண்டும். 1843-இல் 200 ரூபாயாக இருந்த அது 1847-இல் 400 ஆனது. சசூன் நிறுவனம் விளைச்சலுக்கு முன்பே வணிகர்களுக்கு முன்பணம் கொடுத்துச் சரக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. நம் ஊரில் நெல்லுக்கும் மிளகாய்க்கும் கமிஷன் மண்டிக்காரர் முன்பணம் கொடுப்பாரே, அதே சூட்சுமம்தான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது மகன் இலியாஸ் 1844-இல் சீனாவுக்குப் போனார். சீன அரசு அபினி இறக்குமதியைச் சட்டபூர்வமாக ஏற்றது 1858-இல், அதுவும் போரில் தோற்ற பிறகு. ஆக, டேவிட்டின் காலத்தில் அந்தச் சரக்கு பெரும்பாலும் சீனச் சட்டத்தை மீறியே போய் இறங்கியது. பம்பாயில் முறைப்படி வரி கட்டிய சரக்கு, சீனாவின் கான்டன் துறைமுகக் கரையில் கள்ளச் சரக்கு.

அதெல்லாம் பசங்க பண்ணினது, அவருக்குத் தெரியாதுன்னு ஒருத்தர் சொன்னாரே?

அப்படிச் சொல்ல வழியே இல்லை. இலியாஸைச் சீனாவுக்கு அனுப்பியதே அப்பாதான்.

அபினியில் சசூன்களின் ஆதிக்கம் உச்சத்துக்குப் போனது 1870-களில், அவர் இறந்த பிறகு. ஜார்டின் மேதிசன் என்ற பெரிய பிரிட்டிஷ் நிறுவனம் அந்தத் தொழிலிலிருந்து விலகியபோது, சசூன்கள் முதலிடத்துக்கு வந்தார்கள். அந்தக் காலகட்டத்தை மட்டும் மனதில் வைத்துப் பேசுகிறவர்கள்தான் பிள்ளைகள் பண்ணியது என்கிறார்கள். அதற்கு அஸ்திவாரம் போட்டவர் டேவிட்.

அப்படின்னா அந்தக் காசில் கட்டின ஆஸ்பத்திரியையும் லைப்ரரியையும் எப்படிப் பார்க்கிறது?

நான் அதிகம் யோசித்த கேள்வி இதுதான். ஊரை அடித்து உலையில் போட்டவர் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுதானே என்று இன்னொரு வரியிலும் முடித்துவிடலாம். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

எல்லாரும் செய்தார்கள் என்பது உண்மை. ஜே.ஜே. மருத்துவமனைக்குப் பணம் கொடுத்த பார்சி வணிகர் ஜாம்செட்ஜி ஜீஜீபாயும் அபினி வணிகர்தான். பம்பாயின் பழைய பொதுக் கட்டடங்கள் பலவற்றின் பின்னால் அந்தப் பணம் இருக்கிறது. வரி வாங்கிய பிரிட்டிஷ் அரசுதான் அதில் பெரிய பங்காளி. ஆனால் எல்லாரும் செய்தார்கள் என்பதால், சீனாவின் குவாங்டாங்கில் அபினிக் குழாயோடு படுத்துக் கிடந்தவனின் வீட்டுக்கு என்ன நியாயம் கிடைத்துவிடும்? சேதம் ஒரு நாட்டில் நடந்தது, மருத்துவமனை இன்னொரு நாட்டில் எழுந்தது. கொடுத்தவர்களுக்கும் பெற்றவர்களுக்கும் நடுவே ஒரு கடல் இருந்தது.

அதே சமயம் அந்த மருத்துவமனையில் பிழைத்தவர்களின் உயிரும் உண்மை. அதனால் என் கருத்து இது: சசூன் பெயர் எழுதிய எந்தப் பலகையிலும் கொடைத் தொகைக்குப் பக்கத்தில் அந்தத் தொகை எப்படி வந்தது என்பதும் ஒரு வரி இருக்க வேண்டும். பெயரை அழிக்க வேண்டாம், பாதிக் கதையை மறைக்கவும் வேண்டாம்.

இவ்வளவு பெரிய கம்பெனியை போன், தந்தி இல்லாம எப்படி நடத்தினாங்க?

பிள்ளைகளை வைத்துத்தான். இரண்டு மனைவிகள் மூலம் அவருக்கு எட்டு மகன்கள். முதல் மனைவி ஹன்னா இறந்த பிறகு, 1828-இல் ஃபர்ஹாவை மணந்தார். மூத்தவர் அப்துல்லா, பின்னாளில் ஆல்பர்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டவர், பம்பாயில் அப்பாவுக்கு வலது கை. இலியாஸ் சீனாவில். மூன்றாவது மகன் 1858-இல் லண்டனுக்குப் போனார். மற்ற தம்பிகளையும் முறைவைத்துச் சீனாவுக்கு அனுப்பித் தொழில் பழக்கினார்கள்.

குமாஸ்தாக்களும் பெரும்பாலும் பாக்தாத் யூதப் பையன்கள்தான். அவர்களை வரவழைத்து, படிக்க வைத்து, இருக்க இடம் கொடுத்து, பிறகு கிளைகளுக்கு அனுப்பினார்கள். கடிதங்களை அரபு மொழியில், ஆனால் எபிரேய எழுத்தில் எழுதினார்கள். வழியில் யார் பிரித்துப் பார்த்தாலும் சுலபத்தில் புரியாது. சனிக்கிழமை ஓய்வுநாள், கடை திறக்காது. எந்தக் கப்பல் வந்தாலும் சரி.

இங்கிலீஷே தெரியாதாமே? பிரிட்டிஷ் பிரஜை ஆனார்னும் சொல்றாங்க?

இரண்டும் சரி. அரபு, எபிரேயம், துருக்கி, பாரசீகம், இந்துஸ்தானி என்று வியாபாரத்துக்கு வேண்டிய மொழிகள் அவரிடம் இருந்தன. ஆங்கிலம் மட்டும் வரவில்லை. 1853-இல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றபோது பத்திரத்தில் எபிரேய எழுத்தில்தான் கையெழுத்துப் போட்டார். கடைசி வரை தலைப்பாகையும் நீண்ட அங்கியும்தான் உடை. பிள்ளைகள் கோட்டுக்கு மாறினார்கள்.

அரசியலில் அவர் முழுக்க முழுக்க பிரிட்டிஷ் பக்கம். 1857 எழுச்சியின்போது அரசாங்கத்துக்கு உதவ யூதர் படை ஒன்று திரட்டித் தருவதாகவும் முன்வந்தார். பாக்தாதில் பட்டதை நினைத்தால் தன்னைப் பாதுகாத்த ஆட்சியோடு ஒட்டிக்கொண்டது புரிகிறது. ஆனால் அது இந்த நாட்டு மக்களுக்கு எதிரான நிலை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

காலா கோடா லைப்ரரி அவரே கட்டினதா?

நூலகத்தின் வேர் அவருக்கு முந்தையது. 1847-இல் அரசு நாணயச் சாலையிலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்த்த இளம் தொழிலாளர்கள் இயந்திர மாதிரிகளையும் புத்தகங்களையும் சேர்த்து ஒரு சங்கம் வைத்தார்கள். அதற்குச் சொந்தக் கட்டடம் எழும்ப டேவிட் 60,000 ரூபாய் கொடுத்தார். கட்டடம் முடிந்தது 1870-இல். அவர் அதைப் பார்க்கவில்லை.

உள்ளே போனால் படிக்கட்டுப் பக்கம் அவருடைய முழு உருவப் பளிங்குச் சிலை நிற்கிறது. தாமஸ் வுல்னர் என்ற ஆங்கிலேயச் சிற்பி செதுக்கியது. தலைப்பாகை, தாடி, தரை வரை விழும் அங்கி. வெள்ளைக்காரச் சாயல் எதையும் பூசாமல், மனிதர் எப்படி வாழ்ந்தாரோ அப்படியே வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். வெளியே மஞ்சள் நிற மாலாட் கல், பின்பக்கம் மர நிழலில் உட்கார்ந்து படிக்க ஒரு தோட்டம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளை அங்கே எப்போதும் பார்க்கலாம்.

சசூன் டாக், காலா கோடா சிலை, ஃபுளோரா பவுண்டன்... இதெல்லாமும் இவர்தானே?

இல்லை. கொலாபாவின் சசூன் டாக் 1875-இல் மகன் ஆல்பர்ட் கட்டியது. பஞ்சு ஏற்றுமதிக்காகக் கட்டிய இடம், இன்று மீன் சந்தை. காலா கோடா என்ற பெயருக்குக் காரணமான கருப்புக் குதிரைச் சிலையும் ஆல்பர்ட் கொடுத்ததுதான். குதிரை மேல் இருந்தவர் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட். 1965-இல் அதைப் பைகுல்லாவின் ராணி பாக் பூங்காவுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது அங்கே நிற்கும் ஆளில்லாத குதிரை 2017-இல் வைத்தது. கோட்டைப் பகுதியின் நீல நிற ஜெபக்கூடமான கெனெசெத் எலியாஹூ, பேரன் ஜேக்கப் 1884-இல் கட்டியது. ஃபுளோரா பவுண்டனுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தமே இல்லை, அது ரோமானியத் தேவதையின் பெயர்.

டேவிட் கொடுத்தவை என்று சொன்னால் பைகுல்லா மாகன் டேவிட் ஜெபக்கூடம், ராணி பாக் மணிக்கூண்டு, மாஹிமில் இன்றும் அவர் பெயரில் இருக்கும் சிறுவர் தொழிற்பள்ளி, புனேயின் ஓஹெல் டேவிட் ஜெபக்கூடம், அங்கேயே சசூன் மருத்துவமனை. தப்பு செய்து பிடிபட்ட சிறுவர்களைப் பெரியவர்களோடு சிறையில் தள்ளாமல் கைத்தொழில் கற்றுக்கொடுக்க 1857-இல் உதவினார் என்பதைத்தான் அவருடைய கொடைகளில் தலையானதாக நான் நினைக்கிறேன். அன்றைக்கு அது யாரும் கைதட்டும் தர்மம் இல்லை.

புனே சசூன் ஆஸ்பத்திரியில்தான் காந்திக்கு ஆபரேஷன் நடந்ததாமே?

ஆமாம். மருத்துவமனை 1867-இல் திறந்தபோது 144 நோயாளிகளுக்கு இடம் இருந்தது. 1924 ஜனவரியில் எரவாடா சிறையில் இருந்த காந்திக்குக் குடல்வால் அழற்சி வந்து, இங்கே கொண்டுவந்தார்கள். ஜனவரி 12 இரவு கர்னல் மேடாக் என்ற ஆங்கிலேய மருத்துவர் அறுவை சிகிச்சை செய்தார். நடுவில் மின்சாரம் போய்விட, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் முடித்தார்கள்.

தமிழர்களுக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு. கைதி நம் கையில் இறந்துவிட்டால் நாடு கொந்தளிக்கும் என்று அரசாங்கத்துக்குப் பயம். காந்தியின் சம்மதத்தை எழுத்தில் வாங்க நம்பகமான ஒருவர் வேண்டியிருந்தது. அப்போது புனேயில் இருந்தவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. அரசியலில் இருவருக்கும் ஒத்துப்போகாது, ஆனாலும் காந்தி அவரைத்தான் அழைக்கச் சொன்னார். சாஸ்திரி எழுதினார், காந்தி நடுங்கும் கையால் கையெழுத்திட்டார். பிப்ரவரி 5-ஆம் தேதி விடுதலை வந்தது. அந்த அறையை நினைவிடமாக வைத்திருக்கிறார்கள்.

யூதர்களுக்கு மட்டும்தான் கொடுத்தாரா? யூதர்கள் எல்லாரையும் ஒண்ணா நடத்தினாரா?

முதல் கேள்விக்கு, இல்லை. மேலே சொன்ன மருத்துவமனை, நூலகம், தொழிற்பள்ளி மூன்றும் எல்லாருக்கும் பொது.

இரண்டாவதற்குப் பதில் கொஞ்சம் கசப்பானது. பம்பாயில் அவருக்கு முன்பிருந்தே பெனே இஸ்ரேல் யூதர்கள் இருந்தார்கள். பல நூற்றாண்டாகக் கொங்கணக் கரையில் வாழ்ந்து, செக்கில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தவர்கள். மராத்தி பேசுவார்கள். சனிக்கிழமை வேலை செய்யாததால் ஊரார் வைத்த பெயர் சனிவார் தேலி (சனிக்கிழமை எண்ணெய்க்காரர்). பாக்தாத் யூதர்கள் முதலில் தொழுததே அவர்களுடைய ஜெபக்கூடத்தில்தான். ஆனால் 1836-இல், யூதர் கல்லறைத் தோட்டத்தில் தங்கள் பகுதிக்கும் பெனே இஸ்ரேல் பகுதிக்கும் நடுவே தடுப்பு வேண்டும் என்று அரசாங்கத்துக்கு மனு போட்டார்கள். அதில் டேவிட் சசூனும் சேர்ந்திருந்தார். பிறப்பைக் காரணம் காட்டி ஒதுக்கும் புத்தி, அகதியாக வந்தவர்களையும் இங்கே ஒட்டிக்கொண்டது.

பெண்களே இல்லையா இந்தக் கதையில்?

இருக்கிறார், ஆனால் டேவிட்டுக்கு அடுத்த தலைமுறையில். ஃபுளோரா சசூன், 1859-இல் பிறந்தவர். டேவிட்டின் மகன் சாலமனை மணந்தவர், அதே சமயம் ஆல்பர்ட்டின் மகள்வழிப் பேத்தி. குடும்பத்துக்குள்ளேயே பெண் எடுத்த வழக்கம். 1894-இல் கணவர் இறந்ததும் பம்பாய் அலுவலகத்தின் பொறுப்பை அவரே எடுத்து நடத்தினார். ஒரு பெரிய வணிக நிறுவனத்துக்குப் பெண் தலைமை தாங்குவது அன்று கேள்விப்படாத ஒன்று. பிளேக் பரவிய 1897-இல் ஹாஃப்கின் என்ற ஆய்வாளர் அதற்குத் தடுப்பூசியைக் கண்டுபிடித்தபோது, பயந்து ஒதுங்கிய மக்களிடம் அதற்காக ஃபுளோரா பேசினார்.

ரோத்சைல்டுக்குச் சொந்தமா? ஷாம்பு விடால் சசூன்?

கிழக்கின் ரோத்சைல்டுகள் என்பது சசூன்களுக்கு வைத்த பட்டப்பெயர் மட்டும். ரோத்சைல்டு என்ற ஐரோப்பிய வங்கிக் குடும்பம் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டிலிருந்து வந்தது. சிகையலங்காரக் கலைஞர் விடால் சசூனும் இந்த வம்சம் இல்லை. ஆனால் முதல் உலகப் போரைப் பற்றி எழுதிய ஆங்கிலக் கவிஞர் சீக்ஃப்ரிட் சசூன் நிஜமாகவே டேவிட்டின் கொள்ளுப்பேரன்.

இப்போ அந்தக் குடும்பமும் கம்பெனியும் எங்கே?

அப்பா இறந்து மூன்றே வருடத்தில், 1867-இல், இலியாஸ் பிரிந்துபோய்த் தனி நிறுவனம் தொடங்கினார். பாகப்பிரிவினை எந்தக் குடும்பத்தை விட்டது? இலியாஸ் 1880-இல் கொழும்பில் இறந்தார். அவருடைய கிளை பம்பாயில் துணி ஆலைகளும் ஷாங்காயில் பெரிய கட்டடங்களும் எழுப்பியது. மூத்த கிளை மெல்ல மெல்ல லண்டனுக்கு நகர்ந்து, வணிகத்தைவிட அரண்மனை வட்டாரத்தில் நாட்டம் கொண்டது. 1949-இல் சீனாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்ததும் ஷாங்காய் சொத்துகள் கைவிட்டுப் போயின.

பம்பாயின் பாக்தாத் யூதர்களில் பெரும்பாலோர் 1947-க்குப் பிறகு இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, இஸ்ரேல் என்று போய்விட்டார்கள். பைகுல்லாவில் ஜேக்கப் சசூன் பெயரில் இருக்கும் பள்ளியில் இன்று படிப்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் பிள்ளைகள். டேவிட் வாழ்ந்த சான் சூசி என்ற மாளிகை மசீனா மருத்துவமனையாக நடக்கிறது.

நேரில் பார்க்கணும்னா எங்கே போகலாம்?

ஒரு நாள் இருந்தால் மும்பை: காலையில் வெளிச்சம் வரும் முன் சசூன் டாக், அப்புறம் காலா கோடா நூலகம், கெனெசெத் எலியாஹூ, பிற்பகலில் பைகுல்லா. இரண்டாவது நாள் புனே. ஓஹெல் டேவிட்டை அங்கே லால் தேவல் என்று கேட்டால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். சிவப்புச் செங்கல், 90 அடி உயரக் கோபுரம். தூரத்திலிருந்து பார்த்தால் மாதா கோயில் என்றே நினைப்பீர்கள். டேவிட்டின் கல்லறை அதே வளாகத்தில் இருக்கிறது.

2008 தாக்குதலுக்குப் பிறகு எல்லா ஜெபக்கூடங்களிலும் காவல் கடுமை. அடையாள அட்டை கட்டாயம், சில இடங்களில் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும், புகைப்படத்துக்குத் தடை இருக்கலாம். வெள்ளி மாலையிலும் சனிக்கிழமையிலும் தொழுகை நேரம், வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். ஆண்கள் தலையை மூட ஒரு கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள்.